ஜப்பான் யுனிவர்சிட்டியில டீ செரிமனி, ஷோடோ, இகேபானா வொர்க்‌ஷாப்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானுக்குப் படிக்க வர்ற நம்ம பசங்களுக்கு வந்து இறங்கின கொஞ்ச நாள்லயே யுனிவர்சிட்டி இன்டர்நேஷனல் சென்டர்ல இருந்து ஒரு மெயில் வந்துடும், ஜப்பானிய கலாச்சார அனுபவம், சனிக்கிழமை மதியம், இருபது பேருக்குத்தான் இடம், சீக்கிரம் பேர் குடுங்கன்னு. உடனே எனக்கு போன் பண்ணி அக்கா இதுக்குப் போகலாமா, என்ன போட்டுட்டுப் போகணும், ஒண்ணுமே தெரியாம போனா அசிங்கமா இருக்குமான்னு கேப்பாங்க. கேட்ட கேள்விகளை எல்லாம் ஒரே இடத்துல போட்டிருக்கேன். நான் இருக்கிறது கான்சாய் பக்கம், அதனால கியோட்டோ, நாரா சங்கதி கொஞ்சம் தூக்கலாவே இருக்கும்.

இந்த வொர்க்‌ஷாப்பை யார் நடத்துறாங்க?

மூணு வகை ஆளுங்க. ஒண்ணு இன்டர்நேஷனல் சென்டரே வெளியில இருந்து ஒரு சென்செய்யை, அதாவது ஆசிரியரைக் கூப்பிட்டு நடத்துறது. ரெண்டாவது யுனிவர்சிட்டியில இருக்கிற மாணவர் கிளப், டீக்கு ஒரு கிளப், ஷோடோங்கிற பிரஷ் எழுத்துக் கலைக்கு ஒரு கிளப், கோட்டோங்கிற தந்தி வாத்தியத்துக்கு ஒரு கிளப்னு அநேகமா எல்லா பெரிய யுனிவர்சிட்டியிலயும் இருக்கும், அந்தப் பசங்களே வெளிநாட்டு மாணவர்களைக் கூப்பிட்டு சொல்லிக்குடுப்பாங்க. மூணாவது ஊர்ல இருக்கிற வாலன்டியர் குழு, பெரும்பாலும் ரிட்டையர் ஆன அம்மாக்கள், பல வருஷம் கத்துக்கிட்டவங்க, பையில பத்து கிண்ணத்தை துணி சுத்தி தூக்கிட்டு ட்ரெய்ன்ல வருவாங்க. என்னைக் கேட்டா இந்த மூணாவது வகையை விடவே விடாதீங்க, அவங்க கை வேலை செய்யறதைப் பக்கத்துல உக்காந்து பாக்குறதே ஒரு படிப்பு.

ஃபீஸ் பெரும்பாலும் கிடையாது, இல்லன்னா பூ, இனிப்பு மாதிரி பொருள் செலவுக்கு மட்டும் வாங்குவாங்க.

ஒன்றரை மணி நேரத்துல என்னத்தக் கத்துக்க முடியும்? டைம் வேஸ்ட் இல்லையா?

பெரும்பாலான யுனிவர்சிட்டியில ஒரு கிளாஸ் ஒன்றரை மணி நேரம், இங்க அதை ஒரு கோமான்னு சொல்வாங்க, வொர்க்‌ஷாப்பும் அந்த அளவுக்குள்ளதான் அடங்கும். அதுல ஒரு கலையைக் கத்துக்க முடியாது. ஒரே ஒரு அசைவை ஒழுங்கா கத்துக்கலாம், டீயில கிண்ணத்தைக் கையில எடுத்து வைக்கிறது, ஷோடோவுல ஒரு கோடு போட்டு நிறுத்துறது, இகேபானாங்கிற பூ அலங்காரக் கலையில ஒரு கிளையை எந்தப் பக்கம் பாத்து வெட்டறதுன்னு. அந்த ஒண்ணு சரியா கைக்கு வந்துட்டாலே அதுக்கப்புறம் கியோட்டோவுல எந்தக் கோயிலுக்குப் போனாலும், எந்த மியூசியத்துல நின்னாலும் நீங்க பாக்குற விதமே மாறிடும், சும்மா அழகா இருக்குன்னு தாண்டிப் போக மாட்டீங்க, இந்தக் கோட்டை எங்க அழுத்தி எங்க விட்டிருக்காங்கன்னு கண்ணு தானா தேடும். இதுக்கு ஒன்றரை மணி நேரம் தாராளமா போதும்.

ஆனா ஒரு விஷயம், மாசத்துக்கு ஒண்ணுன்னு எல்லா வொர்க்‌ஷாப்புக்கும் போயிட்டு வந்தா கடைசியில கையில போட்டோதான் மிஞ்சும். முதல்ல ரெண்டு மூணுக்குப் போய்ப் பாருங்க, அதுல எது மனசுல ஒட்டுதோ அதையே திரும்பத் திரும்ப போங்க. அதே வொர்க்‌ஷாப் அடுத்த செமஸ்டர் வந்தாலும் மறுபடி பேர் குடுங்க, போன தடவை வந்தேனேன்னு தயங்க வேண்டாம், சென்செய்க்கு அதுல அவ்வளவு சந்தோஷம்.

டீ செரிமனியில என்னதான் நடக்கும்? பயமா இருக்கு.

பயப்பட ஒண்ணும் இல்ல, ஆனா முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டுப் போனா நல்லா ரசிக்கலாம்.

ரூம்ல டடாமி பாய் விரிச்சிருக்கும், பாயோட துணி ஓரத்தை மிதிக்காம நடக்கணும். முதல்ல இனிப்பு வரும், வெள்ளைப் பேப்பர்ல வச்சு, டீ வர்றதுக்கு முன்னாடியே சாப்பிட்டு முடிச்சிடணும், ஏன்னா அடுத்து வர்ற மாச்சா, அதான் பச்சைத் தேயிலைப் பொடியில பண்ற டீ, கசப்பு, வாயில அந்த இனிப்பு நிக்கும்போது குடிச்சாதான் ருசி. உங்க கிண்ணம் வந்ததும் பக்கத்துல இருக்கிறவங்களைப் பாத்து லேசா குனிஞ்சு "ஓசாகி நி"ன்னு சொல்லணும், உங்களுக்கு முன்னாடி குடிக்கிறேன்னு ஒரு மரியாதை. அப்புறம் கிண்ணத்தை இடது உள்ளங்கையில வச்சு வலது கையால அணைச்சுப் பிடிச்சு கடிகாரச் சுத்துல ரெண்டு தடவை லேசா திருப்பணும். கிண்ணத்தோட அழகான முன்பக்கத்தை உங்களைப் பாக்குற மாதிரி வச்சிருப்பாங்க, அந்த இடத்துல வாய் வைக்காம இருக்கத்தான் இந்தத் திருப்பல். கடைசி வாயை சத்தமா உறிஞ்சலாம், தப்பே இல்ல, முடிஞ்சதுன்னு அர்த்தம். குடிச்ச இடத்தை விரலால துடைச்சிட்டு கிண்ணத்தைத் திருப்பி வச்சு, குனிஞ்சு நல்லாப் பாருங்க, எந்த மண்ணு, அடிப்பக்கம் எப்படி இருக்குன்னு. பாக்கணும்னுதான் அந்தக் கிண்ணத்தையே தேர்ந்தெடுத்துக் கொண்டு வந்திருப்பாங்க.

அடுத்து உங்க டீயை நீங்களே நுரை வர அடிக்கணும். மாச்சா ரெண்டு கிராம் அளவு, மூங்கில் கரண்டியில ரெண்டு தடவை, தண்ணி எழுபது மில்லி கிட்ட. மூங்கில்ல பண்ண சாசென்னு ஒரு கலக்கி, ஒரே மூங்கில் துண்டை மெல்லிசு மெல்லிசா கிழிச்சுப் பண்ணுறது, நாராவுல தாகாயாமான்னு ஒரு ஊரு இதுக்கே பேர் போனது. புதுசா பண்றவங்க எல்லாரும் முட்டை அடிக்கிற மாதிரி சுத்துவாங்க, அப்படிச் சுத்தினா நுரை வராது. முழங்கையை ஆட்டாம மணிக்கட்டை மட்டும் முன்னாடி பின்னாடி வேகமா, கிண்ணத்தோட அடியில முனை அழுந்தாம ஓட்டணும், நுரை எழும்பி வரும்போது சாசென்னைக் கொஞ்சம் மேல தூக்கி மேல்நுரையில மட்டும் மெதுவா ஓட்டினா பெரிய பெரிய குமிழி எல்லாம் உடைஞ்சு பட்டு மாதிரி ஆகும், கடைசியில ஒரு வட்டம் போட்டு நடுவுல இருந்து நேரா மேல எடுத்துடுங்க. முதல் கிண்ணம் எப்பவும் தண்ணியாத்தான் வரும். ரெண்டாவது கிண்ணம் அடிக்க விடுவாங்களான்னு கேளுங்க, பெரும்பாலும் விடுவாங்க.

ஒரு சென்செய் நுரை நிறைய வேணும்னாங்க, இன்னொருத்தர் வேண்டாம்னாங்க. யார் சொல்றது சரி?

ரெண்டும் சரி. சென் நோ ரிக்யூன்னு 16ஆம் நூற்றாண்டுல வாழ்ந்த டீ ஆசான், 1591ல இறந்தார், அவரோட வம்சத்துல வந்த மூணு வீடுகள், அதாவது டீ மரபுகள்தான் உராசென்கே, ஒமோதெசென்கே, முஷானோகோஜிசென்கே, மூணும் கியோட்டோவுலதான் இருக்கு. உராசென்கேவுல மேல முழுக்க நுரை மூடணும், ஒமோதெசென்கேவுல ஒரு ஓரமா பிறை நிலா மாதிரி நுரை இல்லாத இடம் விடுவாங்க. உங்க யுனிவர்சிட்டி கிளப் எந்த வீட்டைச் சேர்ந்ததுன்னு கேட்டுக்குங்க. இங்க கத்துக்கிட்டதை அங்க போய் இப்படித்தானேன்னு விவாதம் பண்ண வேண்டாம், அந்த ரூம்ல அந்த சென்செய் சொல்றதுதான் முறை.

கால் மடிச்சு அவ்வளவு நேரம் உக்கார முடியுமா?

அந்த உக்கார்ற முறைக்கு செய்ஸான்னு பேரு, கிட்டத்தட்ட நம்ம வஜ்ராசனம்தான், யோகா பழக்கம் இருந்தா பாதி பிரச்சனை இல்ல. சம்மணம் போட்டே பழகினவங்களுக்கு பத்து நிமிஷத்துல கால் மரத்துடும். ரெண்டு கால் கட்டைவிரலையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு அப்பப்போ மேல கீழ மாத்தினா கொஞ்சம் தாங்கும். முக்கியமா எந்திரிக்கும்போது ஜாக்கிரதை, மரத்துப் போன காலோட சடார்னு எந்திரிச்சா கணுக்கால் மடங்கி விழுந்துடுவீங்க, முதல்ல கால்விரலை ஊணி குதிகால் மேல உக்காந்து ரத்தம் ஓடட்டும், அப்புறம் எந்திரிங்க.

முட்டி வலி, ஆபரேஷன் ஏதாவது இருந்தா பேர் குடுக்கும்போதே எழுதிடுங்க, நாற்காலி போட்டுடுவாங்க. இதுல கூச்சப்பட ஒண்ணுமே இல்ல, 1872ல கியோட்டோவுல நடந்த கண்காட்சிக்கு வெளிநாட்டுக்காரங்க வருவாங்கன்னே உராசென்கேயோட 11ஆவது தலைவர் கெங்கென்சாய் மேஜை நாற்காலியில டீ பண்ற முறையை உண்டாக்கினார், ரியூரெய்னு பேரு, இன்னைக்கும் அது முறைப்படியான ஒரு வகைதான்.

நான் சைவம். அந்த இனிப்பை சாப்பிடலாமா?

பெரும்பாலும் சாப்பிடலாம். டீயோட வர்ற வாகாஷி அநேகமா பீன்ஸ் விழுது, சர்க்கரை, அரிசி மாவு இதுலதான் பண்ணுவாங்க. யோகான்னு கட்டி கட்டியா வர்றது கடல்பாசியில இருந்து எடுக்குற கான்டென்ல உறைய வைக்கிறது, நம்ம ஊர்ல அகர் அகர்னு கிடைக்குமே அதேதான். ஆனா கஸ்டெரா, டோராயாக்கி இதெல்லாம் முட்டை போட்டது, எப்பவாவது இதையும் வைப்பாங்க. முன்னாடி நாளே மெயில்ல கேட்டுடுங்க, அங்க உக்காந்துட்டு வேண்டாம்னு தட்டைத் தள்ளுறது அவங்களுக்கும் சங்கடம் உங்களுக்கும் சங்கடம்.

ஜப்பானிய எழுத்தே தெரியாது, ஷோடோவுக்குப் போகலாமா?

தாராளமா. முதல் அரை மணி நேரம் எழுத்தே கிடையாது, வெறும் கோடுதான். மேஜையில கறுப்பு கம்பளி விரிப்பு, அதுக்கு மேல மெல்லிசான பேப்பர், மேல் ஓரத்துல ஒரு இரும்பு பார் வெயிட்டுக்கு. பிரஷை செங்குத்தா பிடிக்கணும், முழங்கை மேஜையில படக்கூடாது, பால்பாயின்ட் பேனா பிடிச்சே வளர்ந்த கைக்கு இது ரொம்ப நேரம் ஒத்துவராது. ஒரு கோட்டுக்கு மூணு கட்டம், வைக்கிறது, இழுக்கிறது, முடிக்கிறது. முடிக்கிறதுல மூணு விதம் இருக்கு, தோமேன்னா நிறுத்தறது, ஹானேன்னா சுண்டி விடறது, ஹாராய்னா மெல்ல மெல்ல அழுத்தத்தைக் குறைச்சு காத்துல விடறது. இந்த மூணுல ஹாராய்தான் கஷ்டம், அவசரப்பட்டா முனை பிசிறு பிசிறா பிரிஞ்சிடும். நல்ல சென்செய் உங்க பின்னாடி வந்து உங்க கைமேல கை வச்சு ஒரு தடவை எழுதிக் காட்டுவாங்க, அப்போ அந்த அழுத்தம் எங்க கூடுது எங்க குறையுதுன்னு உங்க விரலுக்கே தெரியும், எந்த வீடியோவும் இதைக் குடுக்காது.

அதுக்கப்புறம் எய்னு ஒரு எழுத்து குடுப்பாங்க, அதுல எட்டு அடிப்படைக் கோடும் அடங்கியிருக்கும், எல்லா மாணவரும் இதுலதான் கை பழகுவாங்க. கடைசியில உங்க பேரை எழுதிப் பாக்கலாம், வெளிநாட்டுப் பேருக்கு சாதாரணமா கட்டகானாங்கிற ஒலி எழுத்துதான், சில சென்செய் உச்சரிப்புக்குப் பொருத்தமா கான்ஜி, அதாவது சீன எழுத்து தேடி எழுதிக் குடுப்பாங்க.

ஒரே விதி, எழுதின கோட்டு மேல திரும்ப பிரஷ் வச்சு டச் அப் பண்ணக்கூடாது. பிடிக்கலன்னா புது பேப்பர் எடுத்து மறுபடி எழுதணும்.

மையைப் பத்தியும் கேட்டுப் பாருங்க. வொர்க்‌ஷாப்ல நேரம் இல்லாததால பாட்டில் மைதான் ஊத்துவாங்க, ஆனா ஒழுங்கான முறை கரிக்கட்டி மாதிரி இருக்கிற சுமியை கல்லுல தண்ணி விட்டு உரைக்கிறது. புகைக்கரியையும் மிருகப் பசையையும் சேர்த்துப் பிசைஞ்சு பண்றது அது, வெயில் காலத்துல பசை கெட்டுப்போயிடும்னு நாராவுல குளிர் மாசத்துலதான் தயாரிப்பாங்க, ஜப்பான்ல வர்ற சுமியில பெரும்பகுதி நாராதான். பிரஷ்னா ஹிரோஷிமா பக்கம் குமானோன்னு ஒரு ஊரு. இதெல்லாம் கேட்டா சென்செய் முகமே மலர்ந்துடும், அடுத்த தடவை வீட்டுல இருந்து சுமியும் கல்லும் கொண்டு வந்து உரைக்கக் குடுப்பாங்க.

எனக்கு இடது கைப்பழக்கம். பிரச்சனை ஆகுமா?

ஷோடோவுல கோடு எல்லாமே வலது கையை வச்சு அமைஞ்சது, இடமிருந்து வலமா இழுக்கும்போது வலது தோள் பக்கம் லேசா ஏறுற மாதிரி. அதனால வலது கையால முயற்சி பண்ணுங்கன்னுதான் முதல்ல சொல்வாங்க. பிரஷ் பிடிக்கிறது எல்லாருக்குமே புதுசுங்கிறதால நிறைய இடது கைக்காரங்க வலது கையாலயே நல்லா எழுதுறாங்க. முடியவே இல்லன்னா சொல்லுங்க, விடுவாங்க.

இகேபானா பொண்ணுங்களுக்கு மட்டும்தானே?

இல்லவே இல்ல. இது ஆரம்பிச்சதே ஆம்பளைங்க கையிலதான், கியோட்டோ நடுவுல ரொக்காகுதோன்னு ஒரு புத்தர் கோயில், அங்க இருந்த இகெனோபோ குருமார்கள்தான் இதை வளர்த்தாங்க, 1462லயே இகெனோபோ சென்கெய் பூ வச்ச சங்கதி பதிவாகியிருக்கு. பொண்ணுங்க நிறைய கத்துக்க ஆரம்பிச்சது ரொம்பப் பின்னாடி. இன்ஜினியரிங் பசங்க இதுக்குப் போனா ரொம்பவே பிடிக்கும்னு நான் தைரியமா சொல்வேன், ஏன்னா கணக்கு இருக்கு.

சோகெட்ஸுன்னு 1927ல ஆரம்பிச்ச ஒரு ஸ்கூல் இருக்கு, வொர்க்‌ஷாப்ல அடிக்கடி வர்றது. அதுல அடிப்படைப் பாடம் இப்படி: பூ வைக்கிற தட்டோட விட்டத்தையும் உயரத்தையும் கூட்டி ஒன்றரை மடங்கு பண்ணினா முதல் கிளை நீளம், அதுக்கு ஷின்னு பேரு. அதுல முக்கால் ரெண்டாவது கிளை, சோயே. அதுலயும் முக்கால் மூணாவது, ஹிகாயே. ஷின் செங்குத்துக் கோட்டுல இருந்து பதினஞ்சு டிகிரி சாயணும், சோயே நாப்பத்தஞ்சு, ஹிகாயே எழுபத்தஞ்சு. மூணையும் கென்சான்னு ஊசி ஊசியா இருக்கிற கனமான ஸ்டாண்டுல குத்தி நிறுத்தணும், கிளையை முதல்ல நேரா குத்திட்டு அப்புறம் வேணுங்கிற பக்கம் சாய்க்கணும், சாய்ச்சே குத்தினா நிக்காது. தண்டைத் தண்ணிக்குள்ள முக்கி வெட்டணும், அப்போதான் காத்து உள்ள போகாம தண்ணி ஏறும்.

இவ்வளவு கணக்கு போட்டு நீங்க வச்சு முடிச்சதும் சென்செய் வந்து பாப்பாங்க, ஒண்ணும் பேசாம ரெண்டு இலையைக் கிள்ளி எடுப்பாங்க, ஒரு பூவை விரல் அகலத்துக்குக் கீழ இறக்குவாங்க, அவ்வளவுதான், மொத்தமும் வேற ஒண்ணா நிக்கும். அந்த ரெண்டு இலைக்காகவே நான் மறுபடி மறுபடி போறேன். முடிஞ்சதும் பூவை நியூஸ்பேப்பர்ல சுத்திக் குடுத்துடுவாங்க, ஹாஸ்டல்ல போய் அன்னைக்கே மறுபடி வச்சுப் பாருங்க, கென்சான் இல்லன்னா ஒரு டம்ளர் போதும், கிளாஸ்ல புரியாதது அப்போ புரியும்.

பாட்டு கத்துக்கிட்டவங்களுக்கு ஏதாவது இருக்கா?

கோட்டோவுக்குப் போங்க. கிட்டத்தட்ட ஆறடி நீளம், பதிமூணு தந்தி, ஒவ்வொரு தந்திக்கும் கீழ அதைத் தாங்குற, நகர்த்தக்கூடிய ஒரு குதிரை. நோட்டேஷன்ல தந்தி நம்பர்தான் எழுதியிருக்கும், அதனால ஸ்டாஃப் நோட்டேஷன் தெரியாட்டாலும் ஒன்றரை மணி நேரத்துல சகுராங்கிற ஜப்பானியப் பாட்டை மெதுவா வாசிச்சிடலாம். கர்நாடக சங்கீதம் தெரிஞ்சவங்க சகுராவோட ஸ்வரங்களைக் கவனிச்சுப் பாருங்க, சுத்த ரிஷபம், சுத்த மத்யமம், பஞ்சமம், சுத்த தைவதம், அதாவது கர்நாடக சுத்த சாவேரியில வர்ற ஸ்வரங்கள். நடை, கமகம் எல்லாம் முழுக்க வேற, ஆனா இடது கையால தந்தியை அமுக்கி ஸ்வரத்தை ஏத்துவாங்க பாருங்க, வீணை வாசிச்சவங்களுக்கு அந்த இடம் உடனே பிடிபடும்.

கின்ட்ஸுகி வொர்க்‌ஷாப் பாத்தேன், உடைஞ்ச கிண்ணத்தைத் தங்கத்தால ஒட்டறது. ஒரே நாள்ல முடியுமா?

உண்மையான முறையில முடியாது. அதுல ஒட்டறது உருஷிங்கிற மரத்துப் பாலை வச்சு, அது ஈரக்காத்துல மெல்ல இறுகணும், ஒவ்வொரு கட்டத்துக்கும் காத்திருக்கணும், மொத்தமா வாரக்கணக்குல, மாசக்கணக்குல கூட ஆகும். ஒரே நாள்ல முடிச்சு வீட்டுக்குக் குடுத்து விடறாங்கன்னா அது செயற்கைப் பசையும் தங்கக் கலர் பொடியும், கத்துக்க நல்லதுதான், ஆனா அந்தக் கிண்ணத்துல சாப்பிடலாமான்னு கேட்டுக்குங்க, பெரும்பாலும் கூடாதுன்னுதான் சொல்வாங்க.

நிஜ உருஷி தொடற வொர்க்‌ஷாப்னா கையுறை கட்டாயம். நம்ம ஊர்ல வண்ணார் துணிக்குக் குறி போடுற சேராங்கொட்டை பட்டா தோல் வெந்து போகுமே, அந்தக் குடும்பத்து மரம்தான் இதுவும், அதே மாதிரி அரிப்பு, கொப்புளம் வரும். மாங்காய்ப் பால் பட்டாலே தடிக்கிற தோல்னா இன்னும் கவனம், முன்கூட்டியே சென்செய்கிட்ட சொல்லிடுங்க.

கியூடோ, அதான் வில்வித்தை, ஒரு நாள்ல அம்பு விட விடுவாங்களா?

இருபத்தெட்டு மீட்டர் தள்ளி முப்பத்தாறு சென்டிமீட்டர் குறி, அதுக்கு முதல் நாளே விட மாட்டாங்க. நிக்கிற முறை, அப்புறம் ரப்பர் கட்டின சின்னப் பயிற்சி வில், ரொம்பப் போனா பக்கத்துலயே இருக்கிற வைக்கோல் கட்டு மேல ஒரு அம்பு. கிளப்ல சேர்ந்தாலும் ஆரம்பத்துல வாரக்கணக்குல இப்படித்தான்.

ஜப்பானிய மொழி வராது, எப்படி சமாளிக்கிறது?

கண்ணால பாத்தே முக்கால்வாசி கத்துக்கலாம். தொடங்கும்போது "ஒனேகாய்ஷிமாஸ்", முடியும்போது "அரிகதோ கோசாய்மாஷ்தா", ரெண்டுக்கும் குனிஞ்சு வணக்கம், இது போதும். சென்செய் செஞ்சு காட்டும்போது நோட்ஸ் எடுக்காதீங்க, கையைப் பாருங்க.

என்ன போட்டுட்டுப் போகணும்?

டீக்குன்னா சுத்தமான சாக்ஸ், வெள்ளையா இருந்தா உத்தமம், ஓட்டை இல்லாம. மோதிரம், வளையல், வாட்ச் எல்லாம் கழட்டிடணும், கிண்ணத்துல கீறல் விழும், அதுல சிலது சென்செய்யோட பாட்டி காலத்துதா கூட இருக்கும். சென்ட் போடாதீங்க, டீ வாசனையும் ஊதுபத்தி வாசனையும் கெட்டுப்போகும். இறுக்கமான ஜீன்ஸ்ல செய்ஸா உக்காரவே முடியாது. ஷோடோவுக்கு கறுப்பு டிரஸ், அந்த மை துணியில பட்டா போகாது.

யுகாதா, அதான் மெல்லிசான பருத்தி கிமோனோ, கட்டி விடற வொர்க்‌ஷாப்னா ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க, ஆணோ பொண்ணோ இடது பக்கம்தான் மேல வரணும். வலது மேல வர்றது இறந்தவங்களுக்கு உடுத்துறது.

போட்டோ எடுக்கலாமா?

கேட்டுட்டு எடுங்க, கடைசியில நேரம் குடுப்பாங்க. நடுவுல போனை எடுக்க வேண்டாம்னு நான் கெஞ்சியே கேட்டுக்கிறேன், கையில கிண்ணம் இருக்கும்போது இன்னொரு கையில போன் இருந்தா ரெண்டுமே போச்சு.

ரொம்பப் பிடிச்சுப் போச்சு, தொடர்ந்து கத்துக்க என்ன பண்ணணும்?

அன்னைக்கே சென்செய்கிட்டயோ கிளப் பசங்ககிட்டயோ கேட்டுடுங்க, ஒரு வாரம் தள்ளிப்போட்டா படிப்புல மறந்துடும். கிளப்ல சேர சரியான நேரம் ஏப்ரல், புது வருஷம் தொடங்கும்போது எல்லா கிளப்பும் வாசல்ல நின்னு ஆள் சேர்ப்பாங்க, அக்டோபர்ல வந்தவங்களும் கேட்டா சேர்த்துப்பாங்க. கிளப்ல வாரா வாரம் பயிற்சி, நவம்பர் வாக்குல வர்ற யுனிவர்சிட்டி விழாவுல டீ கிளப் கடை போடற மாதிரி ஒரு டீ ரூம் போடுவாங்க, சில நூறு யென் டிக்கெட், அதுல நீங்களே கிமோனோ கட்டி வெளியாளுங்களுக்கு டீ குடுக்கலாம். உராசென்கே கிளப்னா முதல்ல துணி மடிக்கிறது, கரண்டி துடைக்கிறது, அப்புறம் ஒரு தட்டுல எல்லாத்தையும் வச்சுப் பண்ற பொன்ரியாகுன்னு சின்ன முறை, இதுவரைக்கும் வர்றதுக்கே ஒரு செமஸ்டர் ஓடிடும்.

கிளப் நேரம் லேப் நேரத்தோட இடிச்சா ஊர்ல இருக்கிற கோமின்கான், அதாவது சமுதாயக் கூடத்துல குறைஞ்ச ஃபீஸ்ல கிளாஸ் நடக்கும், நகராட்சி இன்டர்நேஷனல் அசோசியேஷன்லயும் விசாரிங்க. படிப்பு முடிஞ்சு முழுநேரமா டீ மட்டுமே கத்துக்கணும்னு வெறி வந்துட்டா, கியோட்டோவுல உராசென்கே நடத்துற பள்ளியில வெளிநாட்டுக்காரங்களுக்கே மிடோரிகாய்னு ஒரு பிரிவு இருக்கு.

தனியா சென்செய்கிட்ட சேர்ந்தா காசு எப்படி குடுக்கிறது?

மாசச் சம்பளத்துக்கு கெஷான்னு பேரு. எவ்வளவுன்னு சேரும்போதே நேரா கேக்கலாம், தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஆனா நோட்டை வெறுங்கையா நீட்டக்கூடாது, கசங்காத நோட்டா பாத்து ஒரு கவர்ல போட்டு, மேல உங்க பேரு, எந்த மாசம்னு எழுதி, மாசத்தோட முதல் கிளாஸ்ல ரெண்டு கையால குடுங்க. ஹியாகுயென் கடையிலயே, அதாவது நூறு யென் கடையிலயே அதுக்குன்னு கவர் கிடைக்கும். வர முடியாத நாளை முன்னாடியே சொல்லிடுங்க, உங்களுக்காகப் பூவும் இனிப்பும் வாங்கி வச்சிருப்பாங்க.